ஊர்க் கலயத்தில் என் பிடி

கடலைப் பார்க்காமல் நான் கண் விழித்த முதல் ஊர் விருதுநகர்தான். அதுவரைக்கும் காலையில் எழுந்து கதவைத் திறந்தால் எதிரே அது கிடக்கும். நல்ல நாளோ கெட்ட நாளோ, கிடக்கும். அன்றைக்குக் கதவைத் திறக்கிறேன், எதிரே ஒரு மாட்டு வண்டி நிறைய மிளகாய் வற்றல். சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. வண்டிக்காரர் தும்மினார், மாடு தும்மியது, நானும் தும்மினேன். இப்படித்தான் அந்த ஊர் என்னை வாவென்று கூப்பிட்டது.

நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறவள். மெல்லத்தான் வரும். அவசரக்காரர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

கடல் ஏறி வந்து எங்கள் ஊரை எடுத்துக்கொண்ட மார்கழிக்கு அடுத்த மாசியில் நான் போனேன். எங்கள் ஊர் ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, கரையோரம். விருதுநகரும் அப்போது அதே ஜில்லாதான். காகிதத்தில்தான் ஒரே ஜில்லா. அவர்கள் மழையைப் பார்க்க வானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள், நாங்கள் வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்.

புயலில் யார் யார் போனார்கள் என்று இங்கே எழுத எனக்குக் கை வராது. மிஞ்சினவர்கள் ஒரு பழைய சத்திரத்தில் கிடந்தோம். விருதுநகர் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் லாரியில் அரிசியும் துணியும் கொண்டுவந்தார்கள். கூடவே செல்லத்தாய் என்று ஒரு அம்மா வந்தாள். கடைக்கார வீட்டு மருமகள், என் வயதுதான் இருக்கும். கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளுக்குத் தலை சீவி, வந்த அன்றைக்கே என்னை மயினி, அதாவது அண்ணி, என்று கூப்பிட ஆரம்பித்தாள். நானும் அவளை மயினி என்றேன்.

கரையை விட்டுத் தள்ளி மேட்டில் எங்களுக்கு இடம் காட்டியிருந்தார்கள். இனி ஓலைக் குடிசை வேண்டாம், கல் சுவரும் ஓடும் போட்டுத் தருகிறோம் என்றார்கள் சங்கத்துப் பிள்ளைகள். ஆனால் அதற்குப் பணம் சேர வேண்டும். ஐப்பசிக் காற்றுக்கு முன்னால் சுவர் எழும்ப வேண்டும். எங்கள் சனமோ கலைய ஆரம்பித்திருந்தது. நாலு வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார்கள். என் மகன் முனியசாமியும் ஒரு நாள் வந்து நின்றான்.

"மழைக்கு முந்தி வீடு வந்தா இங்கன இருக்கேன். இல்லேன்னா மதுரை மில்லுக்குப் போயிருவேன். ஊர்னு ஒண்ணு இருந்தாத்தானம்மா கடல்?"

அவன் வலை வீசினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் கை மில்லில் நூல் சுற்றுவதா?

செல்லத்தாய்தான் சொன்னாள், உங்களில் ஓராள் எங்கள் ஊருக்கு வந்து நாலு வார்த்தை பேசினால் சனம் மனசு வைக்கும் என்று. ஆம்பிளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஊரார் என்னைக் காட்டினார்கள்.

"வர்றேன் மயினி. பேசச் சொன்னாப் பேசுறேன். கை மட்டும் நீட்ட மாட்டேன்" என்றேன்.

"உங்கள யாரு நீட்டச் சொன்னா? கெளம்புங்க" என்றாள்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஊரார் ஒரு மூட்டை கருவாடு கட்டித் தந்தார்கள். புயலுக்குப் பிறகு முதல்முதலாகக் கடலுக்குப் போய்ப் பிடித்த மீன். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது உள்ளே வராது என்று மூட்டையை பஸ்ஸுக்கு மேலே போட்டுவிட்டார். நடுவில் ஒரு ஊரில் பஸ் மாறினோம். மேலேயிருந்து இறக்கின மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் புளி. எங்கள் கருவாடு வேறொருவர் மூட்டையாக வேறெங்கோ போய்விட்டது. செல்லத்தாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறுங்கையோடு ஒரு ஊருக்குள் நுழைவது எனக்கு அதுதான் முதல் தடவை.

விருதுநகரில் தெருவுக்குத் தெரு ஒரு வாசனை. ஒன்றில் எண்ணெய், ஒன்றில் மல்லி, ஒன்றில் மிளகாய். கடலைத்தான் காணோம், கடலை எண்ணெய்க்குக் குறைவில்லை. தண்ணீரை வண்டியில் வைத்து விற்றுக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் கண் நிறையத் தண்ணீர், குடிக்க ஆகாது. இங்கே கண்ணுக்கும் இல்லை. இந்தக் காய்ந்த மண்ணில் இருந்துகொண்டு இத்தனை சரக்கை எங்கிருந்து கொண்டுவந்து எங்கே அனுப்புகிறார்களோ என்று நான் வாயைத் திறந்தபடி நடந்தேன்.

அன்றைக்கு ராத்திரி செல்லத்தாய் எனக்காகக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சந்தையில் அன்றைக்குத்தான் வந்து இறங்கியதாம். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துபோயிற்று, எங்கள் கரை உப்பு. "நம்ம மூட்டைதான் மயினி இது. காசு குடுத்தா வாங்கினீக?" என்றேன். அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் உலை வைக்கும்போது பார்த்தேன். செல்லத்தாய் அரிசியை அளந்து சுளகு என்கிற முறத்தில் கொட்டினாள். பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் இருந்த சின்னக் கலயத்தில் போட்டு மூடினாள். ஒரு வார்த்தை பேசவில்லை, சாமியும் கும்பிடவில்லை. ரேஷன் கடை வாசலில் அரிசிக்குச் சனம் கால் கடுக்க நின்ற காலம் அது. அரிசியை ஏன் மூலையில் போடுகிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. பூச்சிக்கோ குருவிக்கோ என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு எல்லாருமாக வீடு வீடாகப் போனோம். சங்கத்துப் பிள்ளைகள் சாக்குப் பையோடு முன்னால் போனார்கள். நாங்கள் பின்னால். ஒரு பெரிய வீடு, மிளகாய் மண்டிக்காரர் வீடு. அந்த வீட்டம்மா பெயர் சௌந்தரம். காதில் கழுத்தில் குறைவில்லாத மனுஷி. பையோடு பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதால் அவள், செல்லத்தாய் வீட்டில் பார்த்த மாதிரியே ஒரு கலயத்தைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"மடியப் பிடிங்க" என்றாள்.

நான் ஓரெட்டுப் பின்னால் வைத்தேன். "நாங்க பிச்சை எடுக்க வரலே."

சௌந்தரத்துக்கு முகம் சிவந்துபோயிற்று. "பிச்சைக்கு எங்க வீட்ல வேற சட்டி இருக்கு. இது ஊர்க் கலயம்" என்று சொல்லி, கலயத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செல்லத்தாய்தான் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பையில் கொட்டினாள்.

நான் சொன்னதில் எனக்கு அன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை. கடலில் மீன் பிடிக்கிறவர்கள் நாங்கள், யார் வாசலிலும் நின்றதில்லை. ஆனால் செல்லத்தாய் வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்காதது என்னமோ போலிருந்தது. வந்தபிறகுதான் சொன்னாள்.

இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அந்தக் கலயம் உண்டாம். தினம் உலைக்குப் போகிற அரிசியில் ஒரு பிடி ஊருக்கு. பணக்காரர் வீட்டிலும் அதே பிடிதான், மூட்டை தூக்குகிறவர் வீட்டிலும் அதே பிடிதான். வாரம் கூடினால் மொத்தத்தையும் ஒன்றாகக் கொட்டிக் குவித்து ஏலம் போடுவார்களாம். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமே கட்டி நடத்தியிருக்கிறார்கள். சௌந்தரத்தின் பிள்ளைகளும் அவள் வீட்டு வேலைக்காரி பிள்ளைகளும் அந்தப் பிடியரிசியில்தான் படித்தார்கள். இந்த மாசம் மொத்தமும் உங்கள் ஊருக்கென்று வைத்திருக்கிறோம் என்றாள். அதற்கப்புறம் சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

"ஏலத்துல சௌந்தரம் மயினி வீட்டு அண்ணாச்சிதான் முதல்ல கேப்பாக. வழக்கம் அப்பிடி. அவுக ஏத்திக் கேட்டாத்தான் மத்தவுக ஏறுவாக. அவுக வாயத் திறக்கலேன்னா அரிசி அரிசி வெலைக்குத்தான் போகும். அதுல ஒங்க ஊர்ல சுவரு எந்திரிக்காது."

எனக்குப் பகீரென்றது. ஆனாலும் போய் அந்த அம்மா காலில் விழ எனக்கு முடியாது. எழுந்து போய் அந்தக் கலயத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன்.

"போடாதவுக இதுல வாங்கப்படாதா மயினி?"

"அப்பிடியெல்லாம் சட்டம் கிடையாது. போடாத வீடு ஒண்ணும் இல்ல, அம்புட்டுத்தான்."

அப்படியானால் நானும் போட்டுவிட்டே வாங்குவது என்று முடிவு பண்ணினேன். அவள் வீட்டு அரிசியில் அள்ளிப் போட்டால் அது அவள் பிடி, என் பிடியாகாது. நானே சம்பாதித்த அரிசியாக இருக்க வேண்டும். சம்பாதிக்க அங்கே கடலா இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஏலத்துக்கு மூன்று நாள் இருந்ததால், மறுநாள் செல்லத்தாய் என்னைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போன ஊர் சிவகாசி.

தீக்குச்சி லோடு ஏற்றிய லாரியில் முன்னால் உட்கார்ந்து போனோம். டிரைவர் கருப்பையா. வழி நெடுக வாய் ஓயாத ஆள். கடலில் பாம்பு இருக்கிறதா, கப்பலுக்குப் பிரேக் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். திருத்தங்கல் கிட்டே போகும்போது டயர் படாரென்று வெடித்தது. எனக்கு உயிரே போய் வந்தது. "பயப்படாதீக அக்கா, சிவகாசிப் பக்கம் வந்துட்டோம்னு அர்த்தம்" என்றார்.

அவர் டயர் கழற்றும்வரை ஒரு வேப்ப மரத்தடியில் நின்றோம். பக்கத்துக் காட்டுச் சொந்தக்காரர், நில புலன் உள்ள பெரியவர், மாட்டு வண்டியோடு வந்து நின்றார். காடு என்றால் மரம் நிற்கிற காடு இல்லை. உழுது போட்டு மழைக்குக் காத்துக் கிடக்கிற கரிசல் நிலத்தைத்தான் அங்கே காடு என்கிறார்கள். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, என் காலே உள்ளே போகும்போல. எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஒங்க ஊருக்கு வந்த தண்ணியில கொஞ்சம் எங்களுக்கு அனுப்பியிருக்கப்படாதா?" என்றார்.

செல்லத்தாய் பதறிப்போய் என்னைப் பார்த்தாள். அவர் கேலியாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. "கையில பிடிபட்டிருந்தா அனுப்பியிருப்பேன் அய்யா" என்றேன். அவர் வண்டியில் இடம் ஒதுக்கினார். பிறகு ஏறுங்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றி, சிவகாசி வரை கொண்டுவந்து விட்டார். கூலி வாங்கவில்லை. இறங்கும்போது தலைத்துண்டை அவிழ்த்தார். வழியில் சாப்பிட முடிந்து வைத்திருந்த வறுத்த கடலையைப் பாதி பிரித்து என் கையில் கொடுத்தார். அவர் கையைப் பார்த்தேன், அந்த நிலம் மாதிரியே வெடித்திருந்தது.

சிவகாசியை என்னவென்று சொல்ல. ஒரு அச்சாபீஸுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். மெஷின் கடகடவென்று அடித்துத் தள்ள, கொடியில் துணி உலர்த்துவதுபோல முருகனும் லட்சுமியும் வரிசை வரிசையாகத் தொங்கினார்கள். அடுத்த வருஷத்துக் காலண்டராம். இங்கே மாசி, அங்கே அதற்குள் அடுத்த வருஷம் அச்சாகி உலர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. வருகிற வருஷம் நிச்சயம் வரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை. ஒரு படத்தில் முருகனுக்குப் பின்னால் கடல் இருந்தது, கத்தரிப்பூ நிறத்தில். கடல் இந்த நிறம் இல்லை என்றேன். அங்கே நின்ற ஆள், "சாமிக்குப் பின்னாடி இருக்கும்போது இந்த நிறம்தாம்மா, ஆர்டர் அப்பிடி" என்றார்.

அங்கிருந்து ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. நீளக் கொட்டகையில் பொம்பளைகளும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து கட்டை அடுக்கினார்கள். கட்டை என்றால் மரச் சட்டம். அதில் பள்ளம் பள்ளமாக இருக்கும். மருந்து முக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சியாக நிறுத்த வேண்டும். அவர்கள் விரல் போகிற வேகத்தில் கண் போகவில்லை. பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், பக்கத்துக்காரி மாமியாரை வைகிறார்கள், விரல் பாட்டுக்கு ஓடுகிறது. மழை விழுந்து எழும்புகிற மாதிரி குச்சி நிற்கிறது. நான் வலை பின்னுகிறவள், என் விரலும் லேசுப்பட்டதில்லை. எனக்கும் ஒரு கட்டை கொடுங்கள், கூலிக்கு என்றேன்.

மேற்பார்வை பார்த்த அம்மா செல்லத்தாயைப் பார்த்தாள். செல்லத்தாய் தலையை ஆட்டினாள்.

உட்கார்ந்தேன். மற்றவர்கள் கட்டை கட்டையாக முடித்துத் தள்ள, நான் ஒன்றிலேயே கிடந்தேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "அக்கா கட்டையில குச்சி எல்லாம் கள்ளுக் குடிச்சிட்டு நிக்குது" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "வலையில ஓட்டை இருந்தாத்தான் மீன் பிடிபடும்னு எங்களுக்குப் பழக்கம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சாயங்காலம் வரை விடவில்லை. எந்திரிக்கும்போது நானும் சிலது முடித்திருந்தேன். கூலியைக் கையில் வாங்கி, தெருமுனைக் கடையில் அரிசியாக மாற்றினேன். ஒரு பெரிய பிடி தேறியது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தபோதுதான் எனக்கு நிமிர்ந்து நடக்கிறோம் என்று தெரிந்தது.

அடுத்த நாள் ஏழாயிரம்பண்ணை. காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னப் பட்டாசு அறைகள். ஏன் இப்படித் தனித்தனியாக என்று கேட்டேன். ஒன்று போனால் மற்றது மிஞ்சட்டும் என்றுதான் என்றார்கள், சர்வ சாதாரணமாக. வெடிக்குக் காகிதம் சுற்றுகிறவர்கள் கையெல்லாம் வெள்ளிப் பொடி. பேச்சியம்மா என்று ஒருத்தி எங்களுக்கு மோர் கொடுத்தாள். அவள் இடது கை தோள் வரைக்கும் தீயில் வெந்து ஆறியிருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அவளே சொன்னாள். ஒரு சீசன் நேரத்தில் கொட்டகை பிடித்துக்கொண்டதில் அவள் புருஷன் போய்விட்டாராம், ஒட்டியிருந்த வீடும் போய்விட்டதாம். இப்போது இருக்கிற வீடு ஊர் அரிசியில் எழும்பியது என்றாள்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "வாங்கும்போது ஒனக்குக் கூச்சமா இல்லையா தாயி?"

அவள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். "யாரு குடுத்தானு தெரிஞ்சா கூசும் அக்கா. தெருவுல அவுகளப் பாத்தா ஒதுங்கணும், அவுக வீட்டு விசேஷத்துக்கு முந்திப் போய் நிக்கணும். இது அம்புட்டு அரிசியும் ஒண்ணாக் கொட்டிக் கலந்தது. எது யாரு பிடின்னு அந்த மாரியாத்தாளுக்கே தெரியாது. நான் யாருக்குக் குனியணும்?"

சொல்லிவிட்டு அவள் மோர்ச் செம்பைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. இத்தனை பெரிய ஊர்கள் சேர்ந்து, கொடுத்தவன் பெயரை ஒளித்துவைக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. எத்தனை மானமுள்ள சனமாக இருந்தால் இந்த யோசனை வரும்.

பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு வாணம் சரியாக எழும்புகிறதா என்று பார்க்க வெட்டவெளியில் விட்டார்கள். சத்தம் வரும் என்று முன்னாலேயே சொன்னார்கள், ஆனாலும் நான் செல்லத்தாயின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். புயலுக்குப் பிறகு எந்தச் சத்தமும் எனக்குச் சத்தமாக மட்டும் இருந்ததில்லை. சீறிக்கொண்டு ஒன்று மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. வெடித்தது. வானம் முழுக்கச் செம்பூ. என் மேல் விழப்போகிறது என்று கழுத்தைச் சுருக்கினேன், அது வழியிலேயே அவிந்து ஒன்றுமில்லாமல் போனது. ஒரு பொட்டுச் சாம்பல்கூடத் தலையில் விழவில்லை. அத்தனை நாளும் வானம் என்றால் எடுக்க வருவது என்றுதான் என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. சும்மா பூத்துக் காட்டுவதற்கும் வானம் உண்டு என்று அந்தக் காட்டில்தான் கண்டேன். பேச்சியம்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். தினம் பார்க்கிறவள்தான், அப்படியும் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் விருதுநகர்ப் பொட்டலில் ஏலம். பாயை விரித்து அதன்மேல் அரிசியைக் கொட்டியிருந்தார்கள். மலை மாதிரிக் குவியல். வெள்ளை, சிவப்பு, பழுப்பு, குருணை, நீளம், உருண்டை, பச்சரிசி, புழுங்கல், எல்லாம் கலந்து கிடந்தது. வியாபாரிகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். மண்டி அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், சட்டைக் காலர் தையல் போட்டது. ஊரிலேயே இறுக்கமான கைக்காரர் என்று அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். சௌந்தரம் என் பக்கம் திரும்பவே இல்லை.

என்னைப் பேசச் சொன்னார்கள். வழியெல்லாம் நினைத்து வைத்திருந்தது அத்தனையும் போய்விட்டது. நேரே குவியலுக்குப் போனேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, என் அரிசியை அதன்மேல் போட்டேன்.

"நான் கிழக்கே கடக்கரையில இருந்து வந்திருக்கேன். எங்க வீடெல்லாம் போயிருச்சு. இது சிவகாசியில கட்டை அடுக்கி வாங்கின அரிசி. எங்க ஊர்ப் பிடி. இதையும் சேத்து ஏலம் போடுங்க."

அதற்குமேல் எனக்கு வரவில்லை. வந்து உட்கார்ந்துவிட்டேன். ஏலக்காரர் தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார். அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. அவர் பொம்பளைகள் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். சௌந்தரம் அந்தக் குவியலின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் அரிசி விழுந்த இடத்தை. பிறகு புருஷனைப் பார்த்து லேசாக மோவாயை உயர்த்தினாள்.

அண்ணாச்சி ஒரு விலை சொன்னார். பக்கத்தில் இருந்தவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் மேலே ஏற்றினார். அண்ணாச்சி ஏற்றினார். எண்ணெய்க்காரர் மறுபடி ஏற்றினார். இப்படியே போய், எண்ணெய்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி சொன்ன விலையில் முடிந்தது என்று ஏலக்காரர் சொல்லப் போனார்.

"பொறும்" என்றார் அண்ணாச்சி. "நான் இன்னும் கேட்டு முடிக்கலே."

தன் விலைக்கு மேல் தானே ஏற்றினார். பொட்டலே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அன்றைக்குச் சௌந்தரம் வீட்டில் எனக்குச் சாப்பாடு. ஏலத்தில் எடுத்த அரிசியை அன்றைக்கே பொங்கிச் சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கமாம். பலபட்டறை அரிசி ஒரே பானையில் எப்படி வேகும்? ஒரு பருக்கை குழைந்துவிட்டது, பக்கத்துப் பருக்கை விறைத்துக்கொண்டு நிற்கிறது. கூடக் காராச்சேவு. அண்ணாச்சி அதைக் கல்யாணச் சாப்பாடு மாதிரி ரசித்துச் சாப்பிட்டார். சௌந்தரம் என் இலையில் போட்டாள்.

"இதுல ஒங்க பிடி எதுன்னு கண்டுபிடிச்சீகன்னா ஒரு சேலை எடுத்துத் தாரேன் மயினி" என்றாள்.

நான் உண்மையாகவே குனிந்து தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஊருக்குப் புறப்படும்போது அவள் வாசற்படியில் வைத்த அதே கலயத்தை என் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை நான் பின்னால் போகவில்லை, வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் அதையும் மேலே போடப் பார்த்தார். "இது மேல ஏறாது தம்பி" என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

முனியசாமி பார்த்தான். "இதுக்காம்மா அம்புட்டுத் தூரம் போனே? சட்டி இங்கன கிடைக்காதா?" என்றான். வீடு பின்னால் வருகிறது என்றேன். அவன் நம்பவில்லை. அவன் துணிமூட்டை கட்டியபடியே மூலையில் இருந்தது. பங்குனியில் ஒரு நாள் மேட்டில் லாரிச் சத்தம் கேட்டது. கல், சுண்ணாம்பு, ஓடு. முதல் லாரியில் கருப்பையா, "எங்கக்கா ஒங்க கடல்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். முனியசாமிதான் முதலில் போய்த் தோள் கொடுத்தான். சங்கத்துப் பிள்ளைகள் கல் தூக்க, எங்கள் ஆம்பிளைகள் குழி தோண்ட, தூத்துக்குடி போனவர்களிலும் இரண்டு வீட்டார் திரும்பி வந்துவிட்டார்கள். ஐப்பசிக் காற்று வரும்போது எங்களுக்குத் தலைக்கு மேல் ஓடு இருந்தது.

புது வீட்டில் முதல் நாள் காலை. உலைக்கு அரிசி எடுத்து, அதில் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த முனியசாமி நின்று பார்த்தான்.

"அதான் நமக்கு வீடு வந்துருச்சே. இது யாருக்கும்மா?"

"இன்னும் தெரியலேடா" என்றேன்.

அவன் வலையை இறக்கி வைத்தான். பிறகு குனிந்து சுளகில் கையை விட்டு அவனும் ஒரு பிடி அள்ளிப் போட்டான். அவன் கை பெரிய கை. கலயம் அப்போதே பாதிக்கு வந்துவிட்டது. இவ்வளவு போட்டால் இன்றைக்குக் கஞ்சிதான் என்று வைதேன். அவன் காதில் வாங்காமல் போய்க் கதவைத் திறந்தான்.

எதிரே அது கிடந்தது.